எந்தக் கள்ளி என்று சொல்லுங்கள், அளவைச் சொல்கிறேன்: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி ஒரே கேள்விதான்: என் கள்ளி எவ்வளவு பெரிதாகும்? அதில் பாதிப் பேர் செடியின் பெயரையும் எழுதவில்லை, படமும் அனுப்பவில்லை.

என் மேஜையில் ஒரு சின்னக் கள்ளி இருக்கிறது. எவ்வளவு உயரம் வளரும்?

எந்தக் கள்ளி? ஆயிரத்தைந்நூறு வகைக்கு மேல் இருக்கின்றன. தென் அமெரிக்க மலைப் பாறை இடுக்குகளில் வளரும் பிளாஸ்ஃபெல்டியா சட்டைப் பொத்தான் அளவைத் தாண்டாது. வட அமெரிக்காவின் சொனோரா பாலைவனத்தில் வளரும் சகுவாரோ 12 மீட்டருக்கு மேல் போகும். ஆனால் அந்த சகுவாரோவும் முதல் எட்டுப் பத்து வருடம் உங்கள் விரல் நீளம்கூட இருக்காது. சின்னதாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து நான் என்ன சொல்ல? உருண்டையா, தூணா, தட்டையா, முள் வளைந்ததா நேரா, விலாக்கள் (மேலிருந்து கீழாக ஓடும் வரப்புகள்) எத்தனை என்று எழுதுங்கள். படம் இருந்தால் இன்னும் நல்லது.

மம்மில்லேரியா என்ற கள்ளி வாங்கி ஒரு வருடம் ஆகிறது. வளர்ந்த மாதிரியே தெரியவில்லை. உயிரோடுதான் இருக்கிறதா? முழுதாக வளர்ந்தால் எவ்வளவு இருக்கும்?

இருக்கிறது. வீட்டுக்குள் அது வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் பருத்தாலே நல்ல வளர்ச்சி. கள்ளி பகலில் தன் துளைகளை மூடிக்கொண்டு இரவில்தான் காற்றை உள்ளே இழுக்கிறது. அதனால் தண்ணீர் மிச்சமாகும். ஆனால் ஒரு ராத்திரியில் சேமித்துவைக்கக்கூடியது கொஞ்சம்தான், மறுநாள் வெயிலில் உணவாவதும் அந்தக் கொஞ்சம்தான். வேகம் எங்கிருந்து வரும்? குளிர் மாதங்களில் அதுவும் நின்றுவிடும். தினமும் முறைத்துப் பார்க்காமல், ஒரு நூலைச் சுற்றி அளந்து தேதியோடு எழுதிவையுங்கள், ஆறு மாதம் கழித்து மறுபடி அளங்கள். அடிப்பகுதி கல் மாதிரி கெட்டியாக இருந்தால் கவலை வேண்டாம். வளரவில்லையே என்று தண்ணீரைக் கூட்டாதீர்கள். மண் அடிவரை காய்ந்த பிறகுதான் அடுத்த தண்ணீர்.

முழு அளவையும் கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலான மம்மில்லேரியாக்கள் 10 முதல் 20 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். குட்டி போட்டுப் பக்கவாட்டில் பரவும் வகை என்றால் தொட்டியின் அகலம்தான் எல்லை.

என்னுடையது மூன்றே மாதத்தில் இரண்டு மடங்கு உயரமாகிவிட்டது! உரம் நன்றாக வேலை செய்கிறது போலிருக்கிறது.

உரம் இல்லை, இருட்டு. நுனி வெளுத்து, ஒல்லியாகி, முள் சிறுத்திருக்குமே? வெளிச்சம் தேடி எட்டிப் பார்க்கிறது. இப்படி மெலிந்த பகுதி பிறகு பருக்காது. நல்ல வெளிச்சமுள்ள ஜன்னலுக்கு மாற்றினால் இனி வரும் வளர்ச்சி மட்டும் சரியாகும், நடுவில் இடுப்பு ஒடுங்கியது ஒடுங்கியதுதான். ஒரேயடியாக உச்சி வெயிலில் வைத்தால் தோல் வெந்துவிடும். இரண்டு மூன்று வாரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள். உரத்தை நிறுத்துங்கள்.

‘மினி கள்ளி’ என்று சீட்டு ஒட்டி வாங்கினேன். நான்கு வருடத்தில் முழங்கால் உயரம் வந்துவிட்டது. மினி என்றால் எத்தனை வருடத்தில் நிற்கும்?

நிற்காது. மினி என்பது செடியின் பெயரே இல்லை, விற்ற அன்று அது இருந்த அளவு. பத்து வருடமாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், சீட்டு அடிப்பவர்கள் காதில் விழவில்லை. ஆறு சென்டிமீட்டர் தொட்டியில் வரிசையாக நிற்பவற்றில் உண்மையிலேயே குள்ளமான ரெபூஷியாவும் ஜிம்னோகாலிசியமும் இருக்கும். பக்கத்திலேயே சீரியஸ் தூண் கள்ளியின் குழந்தையும் இருக்கும். மண்ணில் விட்டால் பத்து மீட்டர் போகிற செடி அது. தங்கப் பீப்பாய்க் கள்ளி இருக்கும், முழு வளர்ச்சியில் ஒரு மீட்டர் குறுக்களவு. கோட்டை மாதிரி அடுக்கடுக்காக நிற்கும் ‘ஃபேரி காஸ்ல்’ இருக்கும். அது மெதுவானதுதான், ஆனால் வருடங்கள் போனால் ஆள் உயரத்தை எட்டப் பார்க்கும். எல்லாவற்றுக்கும் ஒரே சீட்டு. நாய்க்குட்டியையும் கன்றுக்குட்டியையும் ஒரே கூடையில் வைத்து ‘குட்டி’ என்று விற்கிற கதைதான்.

நானும் ஏமாந்தவன்தான். இருபது வருடம் முன்பு நான்கு விரல் உயரத்தில் ‘மினி’ ஒன்று வாங்கி அலமாரியில் வைத்தேன். இப்போது அது கூரையைத் தொட்டுக் கழுத்தை வளைத்துக்கொண்டு நிற்கிறது. வெளியே தூக்கிப் போகவும் வழியில்லை, கதவில் இடிக்கிறது.

இதோடு முடிந்ததா? உச்சியில் சூடான பசை வைத்துக் காகிதம் மாதிரி இருக்கும் வேறொரு செடியின் பூவை ஒட்டிவிடுகிறார்கள். அது காய்ந்த நிஜப் பூ. ஈரம் பட்டால் மூடும், காய்ந்தால் விரியும், அதனால் வாங்கியவர் உயிருள்ள பூ என்றே நம்பிவிடுகிறார். வருடக்கணக்கில் வாடாத பூவைக் கள்ளி எங்கே பூக்கிறது? வளரும் நுனியே உச்சியில்தான் இருக்கிறது. அதன்மேல் பசையை ஊற்றிவிட்டு, வளரவில்லை என்று எனக்கு எழுதச் சொல்கிறார்கள். மண்ணின் மேல் கூழாங்கல்லை ஒட்டி விற்பது இன்னொரு கொடுமை. மண் காய்ந்ததா என்று விரல் விட்டுப் பார்க்கவே முடியாது. அந்தக் கல்லை முதலில் உடைத்து எடுங்கள். சீட்டில் செடியின் பெயர் இல்லையென்றால் கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் வாங்காதீர்கள்.

தங்கப் பீப்பாய்க்கு எட்டு வயது. எப்போது பூக்கும்?

இன்னும் பத்துப் பதினைந்து வருடம். 35, 40 சென்டிமீட்டர் பருமன் வர வேண்டும், வெயிலும் முழுசாக வேண்டும். அறைக்குள் அநேகமாகப் பூக்காது.

பெரிய தொட்டிக்கு மாற்றினால் சீக்கிரம் பெரிதாகுமா?

சீக்கிரம் அழுகும். வேர் எட்டாத மண்ணில் ஈரம் தங்கிவிடும். செடியைவிட இரண்டு விரல் அகலமான தொட்டி போதும். மறுபடியும் சொல்கிறேன், மண் அடிவரை காய வேண்டும்.

சிவப்புத் தலை வைத்த கள்ளியின் தலை எவ்வளவு பெரிதாகும்?

நான்கைந்து சென்டிமீட்டர். அது ஒட்டுச்செடி. மேலே இருப்பது பச்சையமே இல்லாத ஜிம்னோகாலிசியம், 1940களில் ஜப்பானில் வளர்த்தெடுத்தது. தானாக உணவு தயாரிக்கத் தெரியாது. கீழே இருக்கும் டிராகன் பழக் கொடியின் தண்டுதான் ஊட்டுகிறது. இருவருக்கும் வேகம் ஒத்துப்போகாது. சில வருடத்தில் ஒட்டு விட்டுப்போகும், உங்கள் தவறு என்று வருந்தாதீர்கள்.

என் கள்ளியில் முள் குத்திய இடத்தில் பால் வருகிறது. நோயா? இது இரண்டடிக்கு மேல் போகுமா?

நோய் இல்லை, அது யூஃபோர்பியா. தமிழில் யூஃபோர்பியாவையும் காக்டஸையும் கள்ளி என்றே சொல்லிவிடுகிறோம், குழப்பம் அங்கேதான். காக்டஸ் குடும்பம் என்றால் முள் கிளம்பும் இடத்தில் பஞ்சுத் திட்டு இருக்கும். உங்கள் படத்தில் இல்லை. மூன்று பட்டைத் தண்டும் சின்ன இலையும் இருப்பதால் யூஃபோர்பியாவில் டிரைகோனா என்ற வகை என்று நினைக்கிறேன். ஐந்தாறு அடி போகும். பால் கண்ணில் பட்டால் பெரிய தொல்லை. கையுறை போடாமல் தொடாதீர்கள்.

அடியில் பழுப்பாகிவிட்டது.

கெட்டியாக இருந்தால் வயது. மெத்தென்று இருந்தால் அழுகல். அழுத்திப் பார்த்துவிட்டு எழுதியிருக்கலாம்.

தூண் கள்ளி ஜன்னலை மறைக்கிறது. உச்சியை வெட்டினால் குள்ளமாகவே இருக்குமா?

வெட்டலாம். ஆனால் குள்ளமாக நிற்காது. வெட்டிய இடத்துக்குக் கீழே இரண்டு மூன்று கிளை கிளம்பும், ஒன்றுக்கு மூன்றாக மறைக்கும். வெட்டிய துண்டை நிழலில் இரண்டு வாரம் காயவைத்து, வாய் ஆறிய பிறகு காய்ந்த மண்ணில் நட்டால் வேர் பிடிக்கும். உடனே தண்ணீர் ஊற்றாதீர்கள். உருண்டைக் கள்ளி வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கத்தியை எடுக்க வேண்டாம்.