எல்லோரும் ‘ஆம்’ போட்ட கேள்வித்தாள்

கேள்வி: கோலாலம்பூர் செந்தூலில் ஓர் அடுக்குமாடியின் குடியிருப்பாளர் குழுச் செயலாளர் நான். யாருக்கு எவ்வளவு சமூகப் பொறுப்பு இருக்கிறது என்று அறியக் கேள்வித்தாள் கொடுத்தோம். எல்லோருமே கிட்டத்தட்ட முழு மதிப்பெண். குப்பை அறை மட்டும் அப்படியே நாறுகிறது. இதை அளப்பது எப்படி?

பதில்: தாளைப் பார்த்தேன். ‘அண்டை வீட்டாருக்கு உதவுவது என் கடமை’ என்ற வரிக்கு யார் ‘இல்லை’ போடுவார்கள்? அதுவும் வீட்டு எண்ணை எழுதச் சொல்லிவிட்டு!

1968-இல் பெர்கோவிட்ஸ், லட்டர்மன் என்ற இருவர் இதற்கென 8 வாக்கியங்களில் ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். அதில் சில வாக்கியங்கள் எதிர்மறையானவை. கண்ணை மூடிக்கொண்டு ஆமாம் போடுபவர் அங்கே மாட்டிக்கொள்வார். ஆனால் நல்ல பெயர் வாங்க நினைப்பவரை அதுவும் பிடிக்காது. அதனால் கருத்தைக் கேட்காதீர்கள், நடந்ததைக் கேளுங்கள்: ‘போன வாரம் எத்தனை முறை குப்பையைப் பிரித்துப் போட்டீர்கள்?’ பெயரும் வீட்டு எண்ணும் வேண்டாம்.

கேட்காமலே எண்ணினால் இன்னும் நல்லது. மில்கிராம் என்ற உளவியலாளர் 1960-களில் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் முகவரி எழுதி, தபால்தலை ஒட்டிய 400 கடிதங்களை ஆங்காங்கே போட்டுவிட்டு, எத்தனை தபாலில் வந்து சேர்கின்றன என்று பார்த்தார். மருத்துவ ஆய்வுக் குழுவின் பெயர் இருந்த நூறில் 72 வந்தன. நாஜிக் கட்சியின் பெயர் இருந்த நூறில் 25தான். ஊர் ஒன்றுதான், பெறுநர் பெயர்தான் வேறு. ஆளுக்கு ஆள் நிரந்தர மதிப்பெண் போடும் எண்ணத்தை இந்தச் சோதனைக்குப் பிறகு நான் நம்புவதில்லை.

உங்கள் இடத்திலும் அப்படித்தான். கோலாலம்பூரில் வீட்டுக் குப்பையைப் பிரிப்பது 2015 செப்டம்பர் 1 முதல் கட்டாயம். சரி, பிரித்ததைப் போட மாடிக்கு மாடி தனித் தொட்டி இருக்கிறதா? இல்லையென்றால் நீங்கள் அளப்பது தொட்டியைத்தான், மனிதரை அல்ல.

எண்ணிப் பார்க்க வாகன நிறுத்துமிடமும் நல்ல இடம். இன்னொரு காரை மறித்து நிறுத்துபவர்களில் எத்தனை பேர் கண்ணாடியில் கைப்பேசி எண்ணை வைத்துவிட்டுப் போகிறார்கள்? பராமரிப்புக் கட்டண பாக்கியை மட்டும் கணக்கில் சேர்க்காதீர்கள். வேலை போனவரும் அதில் இருப்பார்.

இரண்டு வாரம், தினமும் ஒரே நேரத்தில், இருவர் தனித்தனியாக எண்ணட்டும். பிரிக்காத பை எது என்பதில் இருவர் கணக்கும் ஒத்துப்போகாவிட்டால், முதலில் அதை முடிவு செய்துகொண்டு மறுபடி தொடங்குங்கள். கூட்டத்தில் மாடிவாரிக் கணக்கை மட்டும் ஒட்டுங்கள்.