செருகினால் மட்டும் போதுமா?

வாசகர் கேள்வி – பதில்

கையடக்க ஒலிப்பதிவுக் கருவியில் வெளி மைக்கை இணைப்பது குறித்து இம்முறை பல கேள்விகள் வந்திருப்பதால், பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: கைப்பேசியில் நன்றாக வேலை செய்யும் என் காலர் மைக்கைப் புதிதாக வாங்கிய ரெக்கார்டரில் செருகினால் எதுவுமே பதிவாவதில்லை. இரண்டுக்கும் அதே 3.5 மி.மீ. அளவுதான், பிளக் கச்சிதமாக உள்ளே போகிறது. பழுது மைக்கிலா, ரெக்கார்டரிலா?

பதில்: அநேகமாக இரண்டிலும் இல்லை. பிளக்கைக் கையில் எடுத்து, அதன் உலோகத் தண்டைச் சுற்றி ஓடும் மெல்லிய பிளாஸ்டிக் கோடுகளை எண்ணிப் பாருங்கள். உங்கள் பிளக்கில் மூன்று கோடுகள் இருக்கும் என்பது என் ஊகம். அந்தக் கோடுகள் மின்சாரத்தைக் கடத்தாத தடுப்புகள். மூன்று தடுப்புகள் இருந்தால் தண்டு நான்கு பகுதிகளாகவும், இரண்டு இருந்தால் மூன்று பகுதிகளாகவும் பிரிகிறது. கைப்பேசியில் ஒரே துளை வழியாக இடது காதுக்கும் வலது காதுக்கும் ஒலி வெளியே போக வேண்டும், மைக்கின் ஒலி உள்ளே வர வேண்டும், இவை மூன்றுக்கும் பொதுவாக ஒரு தரை இணைப்பும் (மின்சாரம் திரும்பிச் செல்லும் பொதுவழி) வேண்டும் என்பதால் அங்கே நான்கு பகுதிகள் தேவைப்படுகின்றன. இன்று பரவலாக உள்ள அமைப்பில் நுனியும் அதை அடுத்த வளையமும் ஹெட்போனுக்கு உரியவை. மூன்றாவது பகுதி தரை. கைப்பிடியை ஒட்டிய அடிப்பகுதிதான் மைக்குக்கு உரியது.

ரெக்கார்டரின் மைக் துளை இப்படி அமைக்கப்பட்டதன்று. அது நுனியில் இடப்பக்க மைக்கையும், அடுத்த வளையத்தில் வலப்பக்க மைக்கையும், அடிப்பகுதியில் தரையையும் எதிர்பார்க்கிறது. ஆகவே உங்கள் மைக் எந்த இடத்தில் தன் ஒலியைக் கொண்டுவந்து நிறுத்துகிறதோ, அதே இடத்தை ரெக்கார்டர் தரை என்று எடுத்துக்கொள்கிறது. அது ஒலியை எதிர்பார்த்துக் காத்திருக்கும் இரண்டு இடங்களிலோ ஒன்றும் இல்லை. பிளக்கைச் சற்றே வெளியே இழுத்துப் பிடித்தால் சில சமயம் ஒலி கேட்கும். அதை நம்பிப் பதிவைத் தொடங்க வேண்டாம். யாராவது கையை அசைத்ததும் போய்விடும்.

இதற்கு நான்கு பகுதித் துளையும் மூன்று பகுதி பிளக்கும் கொண்ட சிறிய மாற்றி ஒன்றை வாங்க வேண்டும். கேமரா மைக்கைக் கைப்பேசியில் பொருத்துவதற்கான மாற்றியும் பார்வைக்கு அப்படியே இருக்கும், ஆனால் அதன் திசை நேர் எதிரானது. வாங்கும்போது துளைப் பக்கத்தைவிட பிளக் பக்கத்தைப் பாருங்கள்: ரெக்கார்டருக்குள் போகும் முனையில் இரண்டு கோடுகள் மட்டுமே இருக்க வேண்டும்.

மாற்றி வந்த பிறகும் மௌனமாகவே இருந்தால், அடுத்துச் சந்தேகிக்க வேண்டியது மின்சாரம். காலர் மைக்குகள் பெரும்பாலும் எலெக்ட்ரெட் வகையைச் சேர்ந்தவை. பெல் ஆய்வகத்தில் ஜெர்ஹார்ட் செஸ்லரும் ஜேம்ஸ் வெஸ்ட்டும் 1962-இல் உருவாக்கிய மெல்லிய படல எலெக்ட்ரெட் மைக்கின் வழிவந்தவை இவை. ஒருமுறை ஏற்றிய மின்னூட்டத்தை நெடுங்காலம் தக்கவைத்துக்கொள்ளும் பொருளால் ஆனதால், மைக்கின் தகட்டுக்கென்று வெளியிலிருந்து உயர் மின்னழுத்தம் கொடுக்கத் தேவையில்லை. ஆனால் தகட்டை அடுத்து உட்கார்ந்திருக்கும் குட்டி டிரான்சிஸ்டருக்குக் கொஞ்சம் மின்சாரம் வேண்டும். கைப்பேசி அதைக் கேட்காமலே கொடுத்துவிடுகிறது. பல ரெக்கார்டர்களில் ‘ப்ளக்-இன் பவர்’ என்ற பெயரில் அது மெனுவுக்குள் ஒளிந்திருக்கும். பெட்டியைத் திறந்து எடுக்கும்போது அணைந்த நிலையில் இருப்பதும் உண்டு. அதை இயக்கினால் மைக் துளை வழியாகவே சில வோல்ட் மின்சாரம் மைக்குக்குச் செல்லும். மைக்கிலேயே பொத்தான் பேட்டரி இருந்தால் இது தேவையில்லை, ஆனால் அந்த மைக்கின் விசையைப் போட மறக்கக் கூடாது. நான் மறந்திருக்கிறேன், ஒரு மணி நேரப் பேட்டியில் எனக்கு மிஞ்சியது வெறும் ‘உஸ்’ என்ற இரைச்சல்தான்.

கேள்வி: மேடையில் பயன்படுத்தும் கைமைக் ஒன்றை, ஒரு முனையில் எக்ஸ்.எல்.ஆர் என்ற வட்டமான மூன்று முனை இணைப்பும் மறுமுனையில் 3.5 மி.மீ. பிளக்கும் உள்ள கேபிள் வழியாக ரெக்கார்டரில் இணைத்துப் பதிவு செய்தேன். ஹெட்போனில் கேட்டால் குரல் இருக்கிறது, ஆனால் தலைக்கு வெளியே எங்கோ மிதப்பதுபோல் இருக்கிறது. அதே கோப்பைக் கைப்பேசியின் ஒலிபெருக்கியில் போட்டால் குரல் மறைந்தே போகிறது. இது எப்படிச் சாத்தியம்?

பதில்: இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த பழுது இது. ஒவ்வொரு பாகமும் தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருக்க, ஒலி மட்டும் காணாமல் போகும்.

எக்ஸ்.எல்.ஆர் இணைப்பில் மூன்று முனைகள் உள்ளன. முதல் முனை தரை. இரண்டாவதும் மூன்றாவதும் மைக்கின் ஒலியைச் சுமப்பவை. ஆனால் ஒன்றில் அலை மேலே எழும்போது மற்றொன்றில் அதே அளவு கீழே இறங்கும். இப்படிச் செய்வதற்குக் காரணம் உண்டு. நீண்ட கேபிளில் வழியில் ஒட்டிக்கொள்ளும் மின் இரைச்சல் இரண்டு கம்பிகளிலும் ஒரே திசையில் ஏறும். மறுமுனையில் உள்ள கருவி ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கும்போது இரைச்சல் தன்னைத்தானே அழித்துக்கொள்ள, எதிரெதிராக வந்த குரல் இரட்டிப்பாகிறது. இதைத்தான் சமநிலை இணைப்பு என்கிறார்கள்.

உங்கள் கேபிளைச் செய்தவர் இரண்டாம் முனையைப் பிளக்கின் நுனியோடும், மூன்றாம் முனையை நடு வளையத்தோடும் இணைத்திருக்கிறார். பல ஒலிகளைக் கலக்கும் மேடை மிக்ஸருக்கு இது பொருந்தும். உங்கள் ரெக்கார்டரோ கழித்தல் கணக்கு எதையும் செய்வதில்லை. நுனியில் வந்ததை இடது என்றும், வளையத்தில் வந்ததை வலது என்றும் எழுதி வைத்துக்கொள்கிறது. எனவே உங்கள் கோப்பில் இடப்பக்கம் குரலும், வலப்பக்கம் அதே குரலின் தலைகீழ் வடிவமும் உள்ளன. ஹெட்போனில் ஒவ்வொரு காதும் தனித்தனியாகக் கேட்பதால் குரல் தப்பிக்கிறது. ஒரே ஒலிபெருக்கியில் இரண்டையும் கூட்டும்போது ஏற்றமும் இறக்கமும் சேர்ந்து சுழியாகிவிடுகின்றன.

பதிவு வீணாகவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆடாசிட்டி போன்ற ஒலித் தொகுப்பு மென்பொருளில் கோப்பைத் திறந்து, ஸ்டீரியோத் தடத்தை இரண்டாகப் பிரித்து, அவற்றில் ஒன்றை மட்டும் தலைகீழாக்கி, பிறகு இரண்டையும் மோனோவாகச் சேர்த்துவிடுங்கள். ஒரு பக்கத்தைத் தூக்கி எறிந்துவிட்டு மற்றதை வைத்துக்கொள்வதும் வேலைக்காகும்தான். ஆனால் தலைகீழாக்கிக் கூட்டினால் ரெக்கார்டர் செய்யத் தவறிய கழித்தலை நீங்களே செய்துவிடுகிறீர்கள். குரலும் வலுவாகும், கேபிளில் ஏறிய இரைச்சலும் குறையும். இனிமேல் பயன்படுத்த, இரண்டாம் முனை பிளக்கின் நுனிக்கும் வளையத்துக்கும் சேர்ந்தே போகும்படியும், மூன்றாம் முனை தரையோடு சேரும்படியும் அமைந்த கேபிளைத் தேடுங்கள். அப்போது சமநிலை இணைப்பின் பாதுகாப்பு போய்விடும் என்பதால் கேபிளை இரண்டு மூன்று மீட்டருக்குள் வைத்துக்கொள்வது நல்லது. அடிக்கடி கைமைக்கைப் பயன்படுத்துவதாக இருந்தால் எக்ஸ்.எல்.ஆர் துளையே உள்ள ரெக்கார்டருக்கு மாறுவதுதான் நேர்வழி.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன், ஏனெனில் அடுத்த கடிதத்தில் அதைத்தான் கேட்பீர்கள். டைனமிக் வகைக் கைமைக் (காந்தப் புலத்தில் அசையும் சுருளால் இயங்குவது) தரும் மின்னழுத்தம் மிகவும் சிறியது: 94 டெசிபல் அளவுள்ள உரத்த ஒலிக்கே ஏறத்தாழ 2 மில்லிவோல்ட்தான் கிடைக்கும்; மின்னூட்டிய தகட்டால் இயங்கும் நல்ல கண்டென்சர் மைக் அதே ஒலிக்கு 10 முதல் 20 மில்லிவோல்ட் வரை தரும். கையடக்கக் கருவிகளின் உள்பெருக்கியில் கெயினை, அதாவது ஒலியைப் பெருக்கும் அளவை, உச்சத்துக்கு ஏற்றினால் குரலோடு சேர்ந்து அந்தப் பெருக்கியின் சொந்த இரைச்சலும் ஏறும். கெயினைத் தொடுவதற்கு முன் மைக்கை வாய்க்கு அருகில் கொண்டுவாருங்கள். பேசுபவருக்கும் மைக்குக்கும் உள்ள தூரம் பாதியாகும்தோறும் ஒலி ஏறக்குறைய 6 டெசிபல் கூடும்; 64 செ.மீ. தொலைவிலிருந்த மைக்கை 8 செ.மீ.க்குக் கொண்டுவந்தால் எந்தச் செலவும் இல்லாமல் 18 டெசிபல் கிடைத்துவிடுகிறது.

கேள்வி: ரெக்கார்டரில், கேபிள் வழியாகவே மைக்குக்கு மின்சாரம் அனுப்பும் 48 வோல்ட் ஃபாண்டம் பவர் விசை இருக்கிறது. தவறுதலாகப் போட்டுவிட்டால் மைக் எரிந்துவிடுமா?

பதில்: டைனமிக் மைக்கைச் சரியான எக்ஸ்.எல்.ஆர் கேபிளில் இணைத்திருந்தால் ஒன்றும் ஆகாது. அந்த 48 வோல்ட் இரண்டாம் முனைக்கும் மூன்றாம் முனைக்கும் சம அளவில் போவதால், அவற்றுக்கு இடையே இருக்கும் சுருளுக்கு எந்த வேறுபாடும் தெரிவதில்லை. மெல்லிய உலோகப் பட்டையால் இயங்கும் ரிப்பன் மைக்குகளிலும், கம்பிகள் தவறாக இணைக்கப்பட்ட கேபிள்களிலும்தான் ஆபத்து உண்டு. சில வோல்ட்டில் இயங்கும் காலர் மைக்கை எக்ஸ்.எல்.ஆரில் பொருத்துவதாக இருந்தால், 48 வோல்ட்டைத் தகுந்த அளவுக்குக் குறைத்துத் தரும் மாற்றியாக அது இருக்கிறதா என்று கட்டாயம் உறுதி செய்துகொள்ளுங்கள். வடிவத்தை மட்டும் மாற்றும் மலிவான மாற்றி மைக்கைக் கெடுத்துவிடலாம்.

மைக்கை முதலில் செருகி, ஹெட்போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, அதன் பிறகே ஃபாண்டம் பவரை இயக்குங்கள். கழற்றும்போது முதலில் அதை அணைத்துவிடுங்கள். தேவையில்லாதபோது போட்டு வைத்தால் பேட்டரி விரைவில் தீரும்.

கேள்வி: ஒரு நிகழ்ச்சியில் மிக்ஸரின் வெளியீட்டை நேரடியாக ரெக்கார்டரின் மைக் துளையில் இணைத்தேன். அளவுக்காட்டி சிவப்புக்குப் போகாதபடி கெயினைக் குறைத்துத்தான் வைத்திருந்தேன். இருந்தும் பதிவு முழுவதும் கரகரவென்று உடைந்து கேட்கிறது. என்ன செய்திருக்க வேண்டும்?

பதில்: மைக் துளை மில்லிவோல்ட் கணக்கில் வரும் ஒலிக்காக அமைக்கப்பட்டது. மிக்ஸரிலிருந்து வருவதோ லைன் அளவு, அதாவது ஒலிக் கருவிகள் தமக்குள் பரிமாறிக்கொள்ளும் வலுவான மின்னழுத்தம். தொழில்முறைக் கருவிகளில் அது ஏறத்தாழ 1.2 வோல்ட். பல நூறு மடங்கு வலுவான இந்த ஒலி, கெயின் குமிழைச் சென்றடைவதற்கு முன்பே முதல் நிலைப் பெருக்கியில் நசுங்கிவிடுகிறது. அதன் பிறகு நீங்கள் குமிழைக் குறைத்தால், நசுங்கிய ஒலி சிறியதாகக் காட்டியில் தெரியும், அவ்வளவுதான். மிக உரத்த ஒலியையும் எண்களாக அடக்கிவிடும் 32 பிட் ஃப்ளோட் முறையில் பதிவு செய்தால் எதையும் மீட்டுவிடலாம் என்று சிலர் சொல்வதும் இங்கே எடுபடாது, ஏனெனில் ஒலி எண்ணாக மாறுவதற்கு முன்பே கெட்டுவிட்டது.

கருவியில் லைன்-இன் துளை தனியாகவோ, மெனுவில் மைக்–லைன் தேர்வாகவோ இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் இடையில் ஒலியளவைத் தணிக்கும் அட்டென்யுவேட்டர் கேபிள் ஒன்று வேண்டும். ப்ளக்-இன் பவர் போட்டிருந்தால் மிக்ஸரை இணைக்கும் முன் அதையும் அணைத்துவிடுங்கள். தானியங்கிக் கெயினையும் அணைத்துவிட்டு, உச்ச ஒலி முழு அளவுக்கு 12 டெசிபல் கீழே நிற்கும்படி முன்கூட்டியே அமைத்துக்கொண்டால் திடீர்க் கைதட்டலுக்கும் இடம் இருக்கும்.

கேள்வி: வெளி மைக்கைச் செருகிய பிறகும் உள்ளே இருக்கும் மைக்தான் பதிவு செய்கிறதோ என்று சந்தேகமாக இருக்கிறது. எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதலில் வெளி மைக்கின் வலையை நகத்தால் மெல்லச் சுரண்டுங்கள், பிறகு ரெக்கார்டரின் தலைப்பகுதியைச் சுரண்டுங்கள், எது காதில் பெரிதாக உறைக்கிறதோ அதுதான் பதிவாகிறது. பெரும்பாலான கருவிகளில் பிளக் முழுவதும் உள்ளே போனதும் உள் மைக் தானாகத் துண்டிக்கப்படும். சிலவற்றில் மெனுவில் தேர்ந்தெடுக்க வேண்டும். இன்னும் சில இரண்டையும் தனித்தனித் தடங்களில் பதிவு செய்யும். இவை எதுவும் இல்லையென்றால் பிளக் எந்தத் துளையில் இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள்: ஹெட்போன் துளையும் அதே 3.5 மி.மீ. அளவுதான்.