ஜோர்டான் பெயரில் ஓர் இருக்கை

கேள்வி: நியூயார்க் மேயர் ஸோஹ்ரான் மம்தானி கல்லூரியில் படித்தது 'ஆப்பிரிக்கவியல்' என்று செய்தியில் பார்த்தேன். ஆப்பிரிக்க வரலாறு, இனம், அரசியல் என்று பல்கலைக்கழகத்தில் பாடம் வைப்பது கல்வியா, அரசியலா? ஆறிவரும் புண்ணைக் கிளறி வெறுப்பை வளர்ப்பதுதானே இது? படித்தால் வேலைதான் கிடைக்குமா? உங்கள் வீட்டுப் பிள்ளை இதைப் படிக்கிறேன் என்றால் சம்மதிப்பீர்களா?
(பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகர், ஈரோடு)

பதில்: நான்கு கேள்விகளை ஒரே அஞ்சலட்டையில் இடித்து நிரப்பியிருக்கிறீர்கள். சுலபமானதை முதலில் தீர்த்துவிடுகிறேன். வேலை கிடைக்குமா என்கிறீர்கள். படித்தவர்களில் ஒருவருக்கு நியூயார்க்கில் கிடைத்திருக்கிறது. மற்றவர்கள் பாடு, இயற்பியல் படித்துவிட்டு வங்கித் தேர்வு எழுதும் நம் பிள்ளைகள் பாடு போலத்தான் இருக்கும்.

கல்வியா, அரசியலா என்பதற்கு வருகிறேன். 'இருக்கை' என்ற சொல் நமக்கு இப்போது நன்றாகப் பழகிவிட்டது. ஹார்வர்டில் தமிழ் இருக்கை அமைக்க 60 லட்சம் டாலர் தேவைப்பட்டது. உலகத் தமிழர்கள் அள்ளிக் கொடுத்தார்கள். தமிழக அரசும் 10 கோடி ரூபாய் தந்தது. அப்போது 'இது கல்வியா, அரசியலா, வேலை கிடைக்குமா' என்று கேட்டு எனக்கு ஒரு கடிதம்கூட வரவில்லை. ஈரோட்டிலிருந்தும் வரவில்லை.

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் பல்கலைக்கழகத்திலும் ஓர் இருக்கை உண்டு. ஆப்பிரிக்கவியலுக்கான ஏ.சி. ஜோர்டான் இருக்கை என்று பெயர். இந்த ஜோர்டான் 1940-இல் கோசா மொழியில் ஒரு நாவல் எழுதிப் புகழ்பெற்றவர். 1946-இல் அந்தப் பல்கலைக்கழகத்தில் ஆப்பிரிக்க மொழிகள் கற்பிக்கச் சேர்ந்தார். வெள்ளையர் நிரம்பிய ஆசிரியர் கூட்டத்தில் ஒரு கறுப்பர். 1961-இல் அமெரிக்கா போக வாய்ப்பு வந்தபோது அரசு பாஸ்போர்ட் தர மறுத்துவிட்டது. அதற்குப் பதிலாக 'வெளியேறும் அனுமதி' என்று ஒரு தாள் உண்டு: போகலாம், திரும்பி வரக் கூடாது. போனார். விஸ்கான்சினில் பாடம் நடத்தினார். 1968-இல் அங்கேயே இறந்தார்.

அதே 1968-இல் கேப் டவுனில் ஆர்ச்சி மஃபேஜே என்பவரைச் சமூக மானிடவியல் துறையில் முதுநிலை விரிவுரையாளராகத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கேயே படித்தவர். நகரத்தை ஒட்டிய லங்கா என்ற கறுப்பர் குடியிருப்பில் தெருத்தெருவாக நடந்து அவர் திரட்டிய தகவல்களை வைத்து, அவரும் அவருடைய பேராசிரியை மோனிகா வில்சனும் சேர்ந்து எழுதிய நூல் 1963-இலேயே வெளிவந்திருந்தது. தகுதியில் குறை சொல்ல இடமில்லை. கறுப்பரை அந்த வேலையில் வைக்கக் கூடாது என்று சட்டமும் இல்லை. அரசு மிரட்டியது, ஆட்சிக்குழு நியமனத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. மாணவர்கள் சுமார் 600 பேர், பெரும்பாலும் வெள்ளையர்கள், பிரெம்னர் என்ற நிர்வாகக் கட்டடத்துக்குள் புகுந்து ஒன்பது நாள் உட்கார்ந்திருந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை.

இந்தப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு பெருமை உண்டு. 1948 முதல் 1955 வரை அதன் தலைவராக இருந்த டி.பி. டேவி, கல்விச் சுதந்திரத்துக்கு இலக்கணம் வகுத்தவர். யார் கற்பிப்பது, எதைக் கற்பிப்பது, எப்படிக் கற்பிப்பது, யாருக்குக் கற்பிப்பது, இந்த நான்கிலும் வெளியார் கை நுழையக் கூடாது என்றார். அவர் பெயரில் இன்றும் சொற்பொழிவு நடக்கிறது. மஃபேஜே விஷயத்தில் நான்கில் முதலாவதே காற்றில் போனது.

நிறவெறி ஆட்சி முடிவுக்கு வரும் நேரத்தில் ஜோர்டான் இருக்கை உருவானது. தார் எஸ் சலாம், தி ஹேக், கெய்ரோ என்று வெளிநாடுகளில் பேராசிரியராக இருந்த மஃபேஜே அதற்கு விண்ணப்பித்தார். நேர்முகத்துக்குக்கூட அழைக்கவில்லை. இந்த முறை மிரட்ட அரசு இல்லை, தாங்களாகவே செய்தார்கள் என்பதுதான் வேதனை.

1996-இல் இருக்கைக்கு வந்தவர் மஹ்மூத் மம்தானி. பம்பாயில் பிறந்து கம்பாலாவில் வளர்ந்தவர். 1972-இல் இடி அமீன் ஆசியர்களைத் துரத்தியபோது உகாண்டாவை விட்டு வெளியேறியவர். நீங்கள் செய்தியில் பார்த்த மேயரின் தந்தை; மேயர் அப்போது கேப் டவுனில் சிறுபிள்ளை. முதலாண்டு மாணவர்களுக்கு ஆப்பிரிக்கா பற்றி ஓர் அடிப்படைப் பாடம் வகுத்துத் தரும்படி இவரிடம் கேட்டார்கள். வகுத்துக் கொடுத்தார். அதை ஒதுக்கிவைத்துவிட்டு, சக பேராசிரியர்கள் குழு போட்டு வேறொன்றைத் தயாரித்தார்கள். ஆப்பிரிக்கவியல் இருக்கையில் அமர்ந்தவரே ஆப்பிரிக்கப் பாடத்திலிருந்து விலக்கப்பட்டார்.

மாற்றுப் பாடத்தில் அவர் காட்டிய குறைகளைக் கவனியுங்கள். அந்தப் பாடத்தின் ஆப்பிரிக்கா சகாராவுக்குத் தெற்கே தொடங்கி தென்னாப்பிரிக்காவின் வடக்கு எல்லையான லிம்போபோ ஆற்றோடு முடிந்துவிட்டது. எகிப்து இல்லை, மொராக்கோ இல்லை, தென்னாப்பிரிக்காவே இல்லை. கேப் டவுனில் உட்கார்ந்து படிக்கும் மாணவனுக்கு ஆப்பிரிக்கா என்பது வேறெங்கோ இருக்கும் ஊர். நூற்பட்டியலைப் புரட்டினால் பெரும்பாலும் வட அமெரிக்கப் பேராசிரியர்கள். செனகலின் வரலாற்றறிஞர் ஷேக் அந்தா தியோப், நைஜீரியாவின் இபாதான் வரலாற்றாசிரியர்கள், தான்சானியாவின் தார் எஸ் சலாம் பல்கலைக்கழக விவாதங்கள், எதற்கும் இடமில்லை. ஆப்பிரிக்கர்கள் ஆராயப்படுவார்கள், ஆராய்ந்தவர்களாக எங்கும் வரமாட்டார்கள்.

இபாதான் என்றதும் கென்னத் டைக்கைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. நைஜர் கழிமுகத்தின் வணிகத்தையும் அரசியலையும் பற்றி அவர் எழுதிய நூல் 1956-இல் வந்தது. வெள்ளை அதிகாரிகளின் கோப்புகளோடு, ஊரில் வாய்வழியாக வழங்கிவந்த வரலாற்றையும் சான்றாக எடுத்துக்கொண்டு எழுதினார். அது வெளியாகி 7 ஆண்டுகள் கழித்து, 1963-இல், ஆக்ஸ்ஃபோர்டின் வரலாற்றுப் பேராசிரியர் ஹ்யூ ட்ரெவர்-ரோப்பர், ஆப்பிரிக்காவில் ஐரோப்பியர்களின் வரலாறு மட்டுமே உண்டு, மிச்சமெல்லாம் இருட்டு என்ற பொருளில் பேசினார். அவரை மட்டும் நோவானேன்? என் பள்ளிப் புத்தகத்திலும் அது 'இருண்ட கண்டம்'தான். கோடிட்ட இடத்தில் அந்த இரண்டு சொல்லை எழுதி ஒரு மார்க் வாங்கியிருக்கிறேன்.

மம்தானி 1998-இல் பல்கலைக்கழகத்தைப் பார்த்துப் பொதுவில் ஒரு கேள்வி கேட்டார்: ஆப்பிரிக்கவியல், பாண்டுக் கல்வியின் புதிய வீடாகப் போகிறதா? அந்த ஊரில் இதைவிடக் கடுமையாக ஒருவரைத் திட்ட முடியாது. பாண்டு என்பது கறுப்பர்களுக்கு நிறவெறி அரசு வைத்திருந்த பெயர். 1953-இல் வந்த பாண்டுக் கல்விச் சட்டம் கறுப்புப் பிள்ளைகளின் பள்ளிகளை வெர்வூர்ட் என்ற அமைச்சரின் கையில் கொடுத்தது. பயன்படுத்த வழியே இல்லாத பாண்டு குழந்தைக்குக் கணக்கு எதற்கு என்று நாடாளுமன்றத்தில் கேட்ட மனிதர் அவர். எந்தக் குழந்தைக்கு எந்தப் பாடம் என்பதைத் தோல் பார்த்து, கெஜட்டில் அச்சிட்டு நடத்தினார்கள். அரசியல் பாடத்திட்டத்துக்குள் எப்போது நுழைந்தது என்று தேடுகிறீர்களே, ஐயா, அது அங்கே தலைமையாசிரியர் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தது.

மம்தானி 1999-இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். மஃபேஜேயிடம் பிற்பாடு மன்னிப்புக் கேட்டு, கௌரவ டாக்டர் பட்டம் தருவதாகக் கேப் டவுனிலிருந்து கடிதம் போனது. அவர் பதில் போடவில்லை. 2007-இல் இறந்தார், மறு ஆண்டு பட்டத்தைக் கொடுத்தார்கள். 2015-இல், வளாகத்திலிருந்த பிரிட்டிஷ் காலனியவாதி செசில் ரோட்ஸின் சிலையை அகற்றச் சொல்லிப் போராடிய மாணவர்கள் பாடத்திட்டத்தையும் மாற்றச் சொன்னார்கள். அவர்கள் புகுந்து உட்கார்ந்ததும் அதே பிரெம்னர் கட்டடத்தில்தான்.

இனி புண் விஷயம். 1959-இல் தென்னாப்பிரிக்க அரசு இனவாரியாகப் பல்கலைக்கழகங்களைப் பிரித்து ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஜூலுக்களுக்கு ஓரிடம், சோத்தோக்களுக்கு ஓரிடம், கலப்பினத்தவருக்கு ஓரிடம். இந்தியர்களுக்கு ஒதுக்கியது டர்பன் துறைமுகத்துக்குள் இருந்த சாலிஸ்பரி தீவு. கடற்படை விட்டுப்போன பழைய கொட்டடிகள். 1961-இல் அங்கே கல்லூரி தொடங்கியது. 1860-இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் ஏறிக் கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரர்களும் அங்கே படித்தார்கள். ஸ்ட்ரினி மூட்லி என்று ஒருவர். முதலியார்தான் அந்த ஊரில் மூட்லி ஆகியிருக்கிறார். அந்தத் தீவுக் கல்லூரியிலிருந்து வெளியேற்றப்பட்டு, கறுப்பின மாணவர் தலைவர் ஸ்டீவ் பிகோவோடு சேர்ந்து கறுப்பு உணர்வு இயக்கத்தில் இறங்கினார். ஒடுக்கப்பட்ட இந்தியரும் கறுப்பரே என்றது அந்த இயக்கம். 1976-இல் அவருக்குச் சிறைத் தண்டனை, ராபன் தீவு. இதெல்லாம் நம் ஊர்ப் பாடப் புத்தகத்தில் இல்லாததால்தான் உங்களுக்கு அந்தப் புண் ஆறிவருவதாகத் தெரிகிறது.

வெறுப்பை வளர்க்கிறார்கள் என்பதற்கும் அதே மம்தானியையே சாட்சிக்கு அழைக்கிறேன். 2017-இல் கேப் டவுனுக்குத் திரும்ப வந்து, டேவி சொற்பொழிவை நிகழ்த்தினார். ஆப்பிரிக்கக் கண்டத்தில் காலனியத்திலிருந்து விடுபட்டு ஒரு மொழியை வளர்த்த முயற்சிகளில் பெரு வெற்றி கண்டது எது என்று கேட்டு, ஆப்பிரிகான்ஸ் என்றார். நிறவெறி ஆட்சி நடத்திய வெள்ளையர்களின் மொழி அது. எந்த மொழியில் கணக்குப் படிக்கமாட்டோம் என்று 1976-இல் ஜொகானஸ்பர்கை ஒட்டிய சொவெட்டோ என்ற கறுப்பர் குடியிருப்பின் பிள்ளைகள் தெருவுக்கு வந்து குண்டடி பட்டார்களோ, அந்த மொழி. அடுப்படிப் பேச்சு என்று இகழப்பட்டதை அரை நூற்றாண்டுக்குள் அறிவியல் எழுதும் மொழியாக உயர்த்தியது அரசுப் பணமும் பல்கலைக்கழகங்களும்தான். அதே உழைப்பை ஜூலுவுக்கும் கோசாவுக்கும் கொடுங்கள் என்பது அவர் வாதம். வெறுப்பவன் எதிரியின் வெற்றியை எடுத்து இப்படிப் பாடம் நடத்தமாட்டான்.

எல்லா வகுப்பும் இந்தத் தரத்தில் இருக்கிறது என்று நான் சொல்லவரவில்லை. முழக்கத்தையே பாடமாக நடத்தும் ஆசிரியர்கள் எல்லாத் துறையிலும் உண்டு. இந்தத் துறையில் கொஞ்சம் அதிகம் என்றுகூட வைத்துக்கொள்ளுங்கள். அது ஆசிரியரின் குறை. அதற்காகத் துறையையே இழுத்து மூட வேண்டுமென்றால் நம் ஊரில் எத்தனை துறைகள் மிஞ்சும்?

என் வீட்டுப் பிள்ளை கேட்டால் சம்மதிப்பேன். கட்டணம் எவ்வளவு என்று கேட்டுக் கொஞ்சம் முகம் சுளிப்பேன். பிறகு பாடத்திட்டத்தை வாங்கி, கடைசிப் பக்கத்து நூற்பட்டியலில் ஆப்பிரிக்கர்கள் எத்தனை பேர் என்று பென்சிலால் எண்ணிப் பார்ப்பேன்.