பெயரை விடுங்கள், திகதியைப் படியுங்கள்: குடும்ப ஜீப்புக்கு டயர் – கேள்வி பதில்

மழை தொடங்கினால் போதும், டயர்க் கடிதங்கள் வந்து குவியும். இந்த முறையும் அப்படித்தான். வந்தவற்றில் பாதிக்கு மேல் சைஸ் எழுதாத கடிதங்கள். வாகனத்தின் பெயரை மட்டும் எழுதி அனுப்பினால் நான் சாத்திரமா பார்ப்பது? ஒரே ஹொண்டா வெசல் 16 அங்குல ரிம்மிலும் வருகிறது, 17இலும் வருகிறது. சாரதிப் பக்கக் கதவைத் திறந்து பாருங்கள், ஒரு ஸ்டிக்கர் இருக்கும். சைஸும் அதில் உண்டு, அடிக்க வேண்டிய காற்றும் அதில் உண்டு. அதைப் பார்த்து எழுதியவர்களுக்குத்தான் முதலில் பதில்.

எனது எக்ஸ்-ட்ரெயிலுக்கு 225/65 ஆர்17. நான்கும் மாற்ற வேண்டும். ஜப்பான் பெயர் உள்ள டயர் கைக்கு எட்டாத விலை. சீன டயர் போடலாமா? இரண்டு பிள்ளைகள், மாதம் ஒருமுறை யாழ்ப்பாணம் போய் வருகிறோம். (வெள்ளவத்தை வாசகர்)

சைஸ் எழுதியதற்கு நன்றி. போடலாம். ஆனால் 'சீன டயர்' என்று ஒரே சாதி கிடையாது. லிங்லொங், சைலுன் மாதிரிப் பெரிய தொழிற்சாலைகளின் டயர் உலகம் முழுக்க ஓடுகிறது. இன்னொரு பக்கம், ஒரு கன்டெய்னரோடு வந்து அடுத்த கன்டெய்னர் வருவதற்குள் காணாமல் போகும் பெயர்களும் உண்டு. கடையில் ஒரு கேள்வி கேளுங்கள்: "முதலாளி, வருகிற வருடம் இதில் ஒன்று வெடித்தால் இதே டயர் ஒன்று கிடைக்குமா?" அவர் கூரையைப் பார்த்தால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

அதற்கு முன் நடுவில் இருப்பவற்றின் விலையையும் கேட்டுவிடுங்கள். ஹன்கூக், கும்ஹோ போன்ற கொரியப் பெயர்கள் உண்டு. நம்முடைய களனியில் சியட் இருக்கிறது. 'ஜப்பான் டயர்' என்று நாம் வாங்குவதிலும் நிறைய, தாய்லாந்திலோ இந்தோனேசியாவிலோ செய்தவைதான். அதில் குறை ஒன்றும் இல்லை.

உங்களுக்குக் கணக்குத்தான் முக்கியம். யாழ்ப்பாணம் போய் வர 800 கிலோமீற்றர். வருடத்துக்கு அதுவே கிட்டத்தட்ட 10,000. ஊர் ஓட்டம் தனி. ஒரு பேச்சுக்கு, 30,000 ரூபா டயர் 30,000 கிலோமீற்றர் ஓடினால் கிலோமீற்றருக்கு ஒரு ரூபா. 42,000 ரூபா டயர் 50,000 ஓடினால் 84 சதம். விலை கடைக்குக் கடை மாறும், இந்தக் கணக்குப் போடும் விதம் மாறாது. உங்கள் அளவுக்கு ஓடுகிறவருக்கு நடுத்தர டயர்தான் மலிவு. வாரத்தில் இரண்டு நாள் வெள்ளவத்தையிலிருந்து பம்பலப்பிட்டிக்கு மட்டும் போகிறவருக்கு மலிவான புது டயரே போதும். அவருடையது தேய்வதற்கு முன் வயதாகிவிடும்.

சைஸுக்குப் பின்னால் 102 எச் என்று இருக்கும். 102 என்றால் ஒரு டயர் 850 கிலோ தாங்கும். எச் என்றால் மணிக்கு 210 கிலோமீற்றர் வேகம் வரை. நீங்கள் 210இல் போகப் போவதில்லை, தெரியும். ஆனாலும் இரண்டிலும் கீழே இறங்க வேண்டாம். எந்த டயர் எடுத்தாலும் திகதியைப் பாருங்கள். எப்படி என்று கீழே ஒருவருக்கு எழுதியிருக்கிறேன்.

225/65 ஆர்17க்குப் பதிலாக 225/60 ஆர்17 மலிவாக இருக்கிறது, அதே ரிம்முக்குப் பொருந்தும் என்று கடைக்காரத் தம்பி சொல்கிறார். (கொட்டாஞ்சேனை வாசகர்)

ரிம்முக்குப் பொருந்தும். வாகனத்துக்குப் பொருந்தாது. 65 டயரின் மொத்த உயரம் கிட்டத்தட்ட 724 மில்லிமீற்றர், 60 டயர் 702. வாகனம் 11 மில்லிமீற்றர் தாழும், ஸ்பீட் மீற்றர் 3 சதவீதம் கூடக் காட்டும். அதைக்கூடப் பொறுக்கலாம். அந்த 60 டயரில் பெரும்பாலும் 99 என்று இருக்கும், அதாவது 775 கிலோ. ஒவ்வொரு சில்லிலும் 75 கிலோ தாங்கும் சக்தி போய்விடுகிறது. மனைவி, பிள்ளைகள், மாமியார், பின்னால் ஒரு மூட்டை அரிசி எல்லாம் ஏறும் வாகனத்தில் இந்த விளையாட்டு வேண்டாம்.

இப்போது இரண்டு டயருக்குத்தான் காசு இருக்கிறது. முன்னுக்கா, பின்னுக்கா? (தெஹிவளை வாசகி)

பின்னுக்கு. முன் டயர் வழுக்கினால் வாகனம் நேரே போகப் பார்க்கும், வேகத்தை மெதுவாகக் குறைத்து மீட்கலாம். பின் டயர் வழுக்கினால் சுற்றிவிடும், மீட்க நேரம் இருக்காது. "முன் சில்லுதானே இழுக்குது, புதுசை முன்னுக்குப் போடுங்க" என்று கடையில் சொல்வார்கள். கேட்காதீர்கள். நான்கு சில்லும் இழுக்கும் வாகனம் என்றால் இந்தப் பதில் உங்களுக்கு இல்லை. ஒரு சீட்டுப் பிடித்தாவது நான்கையும் சேர்த்து மாற்றுங்கள். உயரம் வித்தியாசமான டயர்கள் உள்ளே இருக்கும் கியர் வேலைகளைத் தின்றுவிடும்.

ஜப்பானில் பாவித்த பிரிட்ஜ்ஸ்டோன் செட் ஒன்று பஞ்சிகாவத்தையில் பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கிறது. பட்டன் (பாதையில் படும், பள்ளம் உள்ள பகுதி) நன்றாக இருக்கிறது. புதுச் சீன டயரை விட இது நல்லது என்று நண்பர் சொல்கிறார். உண்மையா? (மட்டக்குளி வாசகர்)

இந்தக் கேள்வி வருடத்துக்கு இருபது தடவை வருகிறது. இருபது தடவையும் இதே பதிலைத்தான் எழுதுகிறேன்.

ஐயா, யோசித்துப் பாருங்கள். பட்டன் நன்றாக இருக்கும் டயரை ஒரு ஜப்பான்காரர் ஏன் கழற்றுகிறார்? எங்களுக்குப் பரிசு அனுப்பவா? வயதாகிவிட்டது, அல்லது எங்கேயோ அடிபட்டுவிட்டது, அல்லது வாகனமே உடைக்கப் போய்விட்டது. மூன்றில் எது என்று உங்களுக்கும் தெரியாது, விற்பவருக்கும் தெரியாது. றப்பர் ஓடினால்தான் கெடும் என்று இல்லை. சும்மா கிடந்தாலும் காய்ந்து இறுகும். இறுகிய றப்பர் வெயிலில் பிடிக்கும். நனைந்த தார்ப் பாதையில் சோப்புக்கட்டி. பிறகு கடைக்காரர் அதற்குக் கறுப்பு பொலிஷ் பூசி வெயிலில் அடுக்கி வைப்பார். பார்க்கப் புது மாப்பிள்ளை மாதிரி இருக்கும்.

திகதி எங்கே என்றால், டயரின் பக்கத்தில் டி.ஓ.டி என்று தொடங்கும் ஒரு வரிசை இருக்கும். அதன் கடைசி நான்கு இலக்கம்தான் திகதி. 3524 என்றால் 2024ஆம் வருடத்தின் 35ஆவது கிழமை. மூன்றே இலக்கம் இருந்தால் அது 2000க்கு முன் செய்தது. சிரிக்காதீர்கள், கண்டிருக்கிறேன். இந்த நான்கு இலக்கம் பல டயர்களில் ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும். ரிம்மில் ஏற்றும்போது அந்தப் பக்கத்தை உள்ளே திருப்பிவிட்டால் நீங்கள் வாகனத்துக்கு அடியில் படுத்துத்தான் பார்க்க வேண்டும். ஏற்றுவதற்கு முன்னாலேயே பார்த்துவிடுங்கள்.

நான் பட்டதைச் சொல்கிறேன். 2013இல் மடுத் திருவிழாவுக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போக, அவசரத்துக்கு இரண்டு பாவித்த டயர் வாங்கினேன். தொழில் தெரிந்தவன், பட்டனை விரலால் தடவிப் பார்த்தேன், போதும் என்று நினைத்தேன். புத்தளம் தாண்டி அநுராதபுரப் பாதையில், நண்பகல் வெயில். பின் பக்கத்திலிருந்து டப், டப் என்று ஒரு சத்தம். கல் ஏதும் சிக்கியிருக்கும் என்று இன்னும் இரண்டு கிலோமீற்றர் ஓட்டினேன். பிறகு ஸ்டியரிங் நடுங்கத் தொடங்கியது. இறங்கிப் பார்த்தால், பட்டன் பட்டி உள்ளங்கை அகலத்துக்குக் கிளம்பி நிற்கிறது, அடியில் கம்பி நரை மயிர் மாதிரிச் சிலிர்த்துக்கொண்டு. வெடிப்பதற்கு இன்னும் எவ்வளவு தூரம் இருந்ததோ தெரியாது. கழற்றிப் புரட்டினேன். உள்பக்கத்தில் 2204. ஒன்பது வயது. உள்ளுக்குள் ஒரு பெரிய ஒட்டும் இருந்தது, பக்கச் சுவரில். பக்கச் சுவரில் ஒட்டுப் போடவே கூடாது. விற்றவரிடம் போனேன். "நல்லாப் பார்த்துத்தானே அண்ணா எடுத்தீங்க" என்றார். அவர் சொன்னதும் சரிதான், பிழை என்னுடையது.

இன்னொரு வித்தையும் நடக்கிறது. மொட்டையான டயரில் சூடான கத்தியால் பள்ளம் வெட்டிப் புது பட்டன் மாதிரிக் காட்டுவது. லொறி டயரில் சிலதற்கு அப்படி வெட்டவென்றே கூடுதல் றப்பர் வைத்திருப்பார்கள், அப்படி என்று டயரிலேயே எழுதியும் இருக்கும். உங்கள் ஜீப் டயரில் அது கிடையாது. வெட்டினால் கத்தி கம்பிக்குப் பக்கத்தில் போய் நிற்கும். பள்ளத்தின் அடியை டோர்ச் அடித்துப் பாருங்கள். சின்ன மேடுகள் குறுக்கே இருக்க வேண்டும், 1.6 மில்லிமீற்றர் உயரத்தில். தேய்மானத்தைக் காட்ட வைத்த மேடு அது. மேடே இல்லாமல் பள்ளம் மட்டும் ஆழமாக இருந்தால் யாரோ கத்தி வைத்திருக்கிறார்கள்.

ஆகவே உங்கள் நண்பருக்குப் பதில்: எட்டு வயதுப் பெரிய பெயரை விட, ஆறு மாத வயதுச் சின்னப் பெயர் நல்லது. புது டயர் வாங்கும்போதும் திகதியைப் பாருங்கள். ஒரு வருடத்துக்கு உட்பட்டதைக் கேளுங்கள், இரண்டு வருடத்துக்கு மேல் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஓடும் டயருக்கு ஆறு வயது ஆனதும் வருடா வருடம் வெடிப்புப் பாருங்கள். பத்து ஆனால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் கழற்றுங்கள்.

ட்ரெட்வேர் (தேய்மான அளவு) 500 என்று ஒரு டயரில், 340 என்று இன்னொன்றில். 500தானே கூட ஓடும்? (நுகேகொடை வாசகர்)

ஒரே கம்பனியின் இரண்டு டயருக்கு நடுவில் என்றால் ஓரளவுக்கு ஆம். வேறு வேறு கம்பனி என்றால் சொல்ல முடியாது. அந்த இலக்கத்தைப் பரிசோதித்துப் போடுவது டயர் செய்கிறவரேதான், சிலர் தாராளமாகப் போடுவார்கள். அதற்குப் பக்கத்தில் ட்ராக்‌ஷன் என்று ஓர் எழுத்து இருக்கும். அது நனைந்த பாதையில் பிரேக் பிடிப்பது. அதை ஒருவரும் கேட்பதில்லை. 'ஏ' அல்லது 'டபிள் ஏ' எடுங்கள். 'பி' என்றால் காலி வீதி மழையில் பஸ்ஸுக்குப் பின்னால் போகும்போது என்னை நினைப்பீர்கள்.

நைட்ரஜன் காற்று அடிக்கலாமா? (பலர்)

சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான், அதுவும் இலவசம். காலையில் டயர் சூடாகுமுன் காற்றுப் பாருங்கள், மாதம் இரண்டு முறை, ஸ்டிக்கரில் உள்ள அளவு. அது போதும்.

மொண்டெரோவுக்கு முரட்டுப் பட்டன் டயர் போட ஆசை. வருடத்துக்கு ஒருமுறை நுவரெலியா போவோம். (வத்தளை வாசகர்)

நுவரெலியாவுக்கு நல்ல தார்ப் பாதை இருக்கிறது தம்பி. அதற்கு முரட்டு டயர் எதற்கு? சத்தம் கூடும், எண்ணெய் கூடக் குடிக்கும், மழைத் தாரில் பிரேக் நீளும், விலையும் கூட. வடிவுக்குத்தான் என்றால் உங்கள் காசு, உங்கள் விருப்பம்.

18,000 கிலோமீற்றரில் முன் டயர் இரண்டிலும் உள் ஓரம் மட்டும் மொட்டை. டயர் தரமில்லை என்று கடைக்காரரோடு சண்டை பிடித்துவிட்டேன். (இராஜகிரிய வாசகர்)

போய் மன்னிப்புக் கேளுங்கள். இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்றுக் குறைவு. நடு தேய்ந்தால் காற்று அதிகம். ஓர் ஓரம் மட்டும் என்றால் அலைன்மென்ட், அதாவது சில்லு நிற்கும் கோணம் பிழை, அல்லது சில்லைத் தாங்கும் புஷ், போல் ஜொயின்ட் ஆடுகிறது. டயர் பாவம். கொழும்பில் மழை விட்டதும் குழி, குழி இல்லாவிட்டால் தண்ணீரில் மறைந்த நடைபாதைக் கல். அலைன்மென்ட் தங்காது. அடி பார்க்கும் கராஜில் முதலில் காட்டி, ஆட்டத்தை எடுத்துவிட்டு, பிறகு அலைன்மென்ட், அதற்குப் பிறகுதான் புது டயர். இந்த வரிசையை மாற்றினால் அடுத்த 18,000இல் திரும்ப எனக்கு எழுதுவீர்கள். 10,000க்கு ஒருமுறை முன் பின் மாற்றுங்கள்.

2025இல் இறக்குமதி திறந்த பிறகு ஜப்பானிலிருந்து வந்த வாகனம் எடுத்தோம். டயர் புதிது மாதிரி இருந்தது. ஆனால் மெத்து மெத்தென்று ஓடுகிறது, வேகமாகத் தேய்கிறது. பட்டனில் மெல்லிய வாள் வெட்டு மாதிரிக் கோடுகள். (பத்தரமுல்லை வாசகி)

நல்லவேளை, அந்தக் கோடுகளைக் கவனித்து எழுதினீர்கள். அது பனிக்கால டயர். பக்கத்தில் 'ஸ்டட்லெஸ்' என்று இருக்கும். ஜப்பானின் பனிப் பிரதேசங்களில் ஓடிய வாகனங்கள் சில நேரம் அப்படியே கப்பல் ஏறிவிடும். 7 பாகைக்குக் கீழே பிடிப்பதற்காகச் செய்த மென்மையான றப்பர். நம்முடைய 32 பாகையில் மெழுகு மாதிரி. மழையிலும் பிரேக் நீளும். பட்டன் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் மாற்றுங்கள் தங்கச்சி, அதுவரை ஹைவேயில் ஏற வேண்டாம். கழற்றியதை யாருக்கும் விற்கவும் வேண்டாம். மேலே மட்டக்குளி வாசகர் கேட்ட மாதிரி ஒரு செட்டாகத்தான் அது போய் நிற்கும்.

ஸ்பெயார் வீலை 11 வருடமாகத் தொடவே இல்லை. புதுசுதானே? பிழையான டயர் ஒன்றை மாற்ற அதையே போடலாமா? (கொலன்னாவை வாசகர்)

இல்லை. போட வேண்டாம். பஞ்சர் கடை வரை மெதுவாக ஓடுவதற்கு வைத்திருங்கள், அதற்கும் காற்று இருக்கிறதா என்று இந்த ஞாயிற்றுக்கிழமை பாருங்கள். மெல்லிய அவசரச் சில்லு என்றால் அதற்குக் காற்று 60 பிஎஸ்ஐ, மற்றதைப் போல 33 அல்ல. ஓட்டுவது 80க்கு மேல் இல்லை.