ஃபார்மட் கடைசியில்தான்

கணினி எழவில்லை என்றதும் "ஃபார்மட் அடிச்சிரலாம்" என்பதுதான் பல இடங்களில் முதல் வைத்தியம். எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பார்க்காமல் அதில் இறங்காதீர்கள். உள்ளே இருக்கும் படங்களும் கணக்குகளும் போனால் திரும்ப வராது.

சிபியு ஃபேன் ஓடுகிறது, மானிட்டரில் ஒன்றும் வரவில்லை. சில நேரம் பீப் சத்தம் கேட்கிறது. மதர்போர்டு போய்விட்டதா? – வாசகர், நாமக்கல்

விண்டோஸ் தொடங்கும் முன்பே நிற்கிறது. ஆகவே விண்டோஸை மாற்றிப் பயனில்லை. மதர்போர்டைச் சந்தேகிக்கும் முன் ராமை (நினைவகப் பட்டையை)ப் பாருங்கள். மின்கம்பியைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்துங்கள். கேபினட்டின் இரும்பைத் தொட்டுவிட்டு ராமைக் கழற்றுங்கள். அடிவிளிம்பில் உள்ள பொன்னிறப் பட்டைகள் மங்கியிருந்தால் பென்சில் ரப்பரால் லேசாகத் தேய்த்து, துகள்களை உலர்ந்த துணியால் துடையுங்கள். திரும்ப மாட்டும்போது இரு முனைகளும் ஸ்லாட்டில் 'டக்'கென்று உட்கார வேண்டும். ஒரு முனை நூலளவு தூக்கியிருந்தாலும் திரை கறுப்பாகவே இருக்கும். இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். பீப் சத்தத்தின் கணக்கு போர்டுக்குப் போர்டு மாறும். அதை மதர்போர்டு கையேட்டில் பாருங்கள்.

தினமும் காலையில் தேதி பழைய வருடத்துக்குப் போய்விடுகிறது. எஃப்1 அழுத்தச் சொல்கிறது. வங்கித் தளமும் 'பாதுகாப்பற்றது' என்கிறது. வைரஸா? – வாசகி, காரைக்குடி

வைரஸ் இல்லை. மதர்போர்டில் உள்ள சிஆர்2032 என்ற 3 வோல்ட் பட்டன் செல் தீர்ந்திருக்கிறது. தேதி தவறானால் தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியானதாகவோ, இன்னும் தொடங்காததாகவோ பிரவுசருக்குத் தெரியும். அதனால்தான் அந்த எச்சரிக்கை. வாட்ச் கடையிலேயே செல் கிடைக்கும். மாற்றும் முன் பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்பு) திரைகளைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். செல்லை எடுத்ததும் அமைப்புகள் அழிந்து, டிஸ்க் இயங்கும் முறை மாறிவிட்டால் விண்டோஸ் நீலத்திரையோடு நின்றுவிடும். அப்போது அந்தப் படத்தைப் பார்த்துப் பழையபடி வைத்தால் சரியாகும்.

அடிக்கடி ப்ளூ ஸ்க்ரீன் வருகிறது. விண்டோஸ் நிகழ்வுகளைக் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் 'கெர்னல் பவர் 41' என்று இருக்கிறது. என்ன கோளாறு? – கல்லூரி மாணவர், திருச்சி

41 காரணத்தைச் சொல்லாது. 'முறையாக அணைக்காமல் நின்றுபோனது' என்று மட்டுமே அதற்குப் பொருள். நீலத்திரையின் அடியில் வரும் ஸ்டாப் கோடை (பிழையின் பெயரை)ப் படம் எடுங்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு கோடு வந்தால் ராம் மீது சந்தேகப்படலாம். விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்கை ஓட்டுங்கள். புது டிரைவர் (ஒரு பாகத்தை இயக்கும் மென்பொருள்) போட்ட பிறகு வந்தால் டிவைஸ் மேனேஜரில் பழைய டிரைவருக்குத் திரும்புங்கள். கேம் ஆடும்போது நீலத்திரையே வராமல் சட்டென்று அணைந்தால் சூடு அல்லது எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி) காரணமாக இருக்கலாம். சிபியுவின் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்கில் தூசி பஞ்சுபோல் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

'பூட் டிவைஸ் நாட் ஃபவுண்ட்' என்று வருகிறது. ஹார்டு டிஸ்க் 'டிக் டிக்' என்கிறது. மகள் கல்யாணப் படங்கள் எல்லாம் அதில்தான். புதிதாக விண்டோஸ் போட்டால் வருமா? – வாசகி, மதுரை

அம்மா, முதலில் கணினியை அணைத்துவிடுங்கள். மீண்டும் ஆன் செய்து பார்க்க வேண்டாம். அந்தச் சத்தம் பெரும்பாலும் உள்ளே இருக்கும் ஹெட் (தகட்டைப் படிக்கும் முனை) தடுமாறுவதன் அறிகுறி. ஓடும் ஒவ்வொரு நிமிடமும் தகட்டில் கீறல் விழக்கூடும். இந்த நிலையில் செக்டிஸ்க் (டிஸ்க் பிழையைச் சரிபார்க்கும் விண்டோஸ் கருவி) ஓட்டுவதும், அதே டிஸ்க்கில் விண்டோஸ் போடுவதும் மீட்க வாய்ப்புள்ள படங்களையும் கெடுத்துவிடும். ஃப்ரீசரில் வைக்கச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். ஈரம் படிந்து இன்னும் கெடும். தூசியில்லா அறை வசதியுள்ள டேட்டா மீட்பு மையத்துக்கு நேராகக் கொண்டுபோங்கள். செலவு கூடுதல்தான், பரிசோதனைக் கட்டணம் எவ்வளவு, மீட்க முடியாவிட்டால் என்ன வாங்குவார்கள் என்று முன்கூட்டியே கேளுங்கள்.

சத்தமே இல்லாமல் இதே பிழை வருபவர்கள் டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளைக் கழற்றி மாட்டிப் பார்க்கலாம். சரிவரவில்லையென்றால் யுஎஸ்பி அடாப்டர் வழியாக வேறு கணினியில் இணைத்து, முதல் வேலையாகப் படங்களை நகலெடுங்கள். 'இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்யவா?' என்று கேட்டால் கேன்சல் அழுத்துங்கள். எஸ்எஸ்டி (சுழலும் தகடு இல்லாத டிஸ்க்) என்றால் இன்னும் எச்சரிக்கை தேவை. அது சத்தம் போடாமலே போகும். அதில் அழித்த கோப்புகளை மீட்பதும் கடினம். முக்கியமான படங்களுக்கு வேறொரு டிஸ்க்கில் நகல் இருந்தே ஆக வேண்டும்.

பயாஸ் அப்டேட் செய்ததும் பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) 48 இலக்க எண் கேட்கிறது. நான் பூட்டவே இல்லையே! – வாசகர், கோவை

பல புது லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்ததுமே டிஸ்க் தானாகப் பூட்டப்படும். போனில் அதே கணக்கில் நுழைந்து ரெக்கவரி கீ பக்கத்தைத் திறங்கள். லேப்டாப் திரையில் உள்ள கீ ஐடியோடு பொருந்தும் எண்ணை எடுத்து அடியுங்கள். ஒரே வீட்டில் பல கணக்குகள் இருந்தால் முதன்முதலில் லேப்டாப்பை அமைத்தவரின் கணக்கைப் பாருங்கள். கீ இல்லாவிட்டால் மைக்ரோசாஃப்டாலும் திறக்க முடியாது. அதனால் அதை இன்றே தாளில் எழுதி வையுங்கள்.

திரை முழுக்க எச்சரிக்கை, சைரன் சத்தம், 'இந்த எண்ணுக்கு அழைக்கவும்' என்று வருகிறது. – வாசகர், சேலம்

அழைக்காதீர்கள். மைக்ரோசாஃப்டின் உண்மையான பிழைச் செய்திகளில் தொலைபேசி எண் இருக்காது. டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை மூடுங்கள். திரும்பத் திறக்கும்போது பழைய டேப்களை மீட்க வேண்டாம். ஏற்கெனவே அழைத்துப் பணம் கொடுத்திருந்தால் உடனே வங்கிக்கும் 1930 சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் சொல்லுங்கள். இன்டர்நெட் இணைப்பைத் துண்டித்து, அவர்கள் போடச் சொன்ன ரிமோட் செயலியை நீக்குங்கள்.