மங்கலான காட்சியில் பழகிய முகம்

கேள்வி: கண்காணிப்புக் கேமராவில் பதிவான மங்கலான காட்சியைப் பார்த்தவுடனேயே, அதில் வருபவர் தன் தம்பிதான் என்று ஒருவர் சொல்லிவிட்டார். எனக்கோ எத்தனை முறை பார்த்தும் கண் எது, மூக்கு எது என்றே பிடிபடவில்லை. கணினியில் படத்தைத் தெளிவாக்கினால் எனக்கும் அடையாளம் தெரியுமா?

பதில்: தெரியாது, தெரிந்துவிட்டதாகத் தோன்றினால் அது இன்னும் ஆபத்து. பிரிட்டனில் மைக் பர்ட்டன், விக்கி புரூஸ் முதலிய உளவியலாளர்கள் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், தரம் குறைந்த கேமராவில் பதிவான விரிவுரையாளர்கள் சிலரை, அந்த விரிவுரையாளர்களிடம் படித்த மாணவர்கள் பெரும்பாலும் சரியாக அடையாளம் கண்டார்கள். முன்பின் அறியாத மாணவர்கள் தடுமாறினார்கள்; அனுபவமுள்ள காவல்துறையினரும் அவர்களைவிட மேலாகச் செய்யவில்லை. நடையை வைத்துத்தான் கண்டுபிடித்திருப்பார்கள் என்று நாம் நினைப்போம். ஆனால் உடலையோ நடையையோ மறைத்தபோது பெரிய இழப்பில்லை. முகத்தை மறைத்தபோதுதான் அடையாளம் தெரியாமல் போனது.

பழகிய முகத்தை அறிய நுணுக்கமான விவரம் தேவைப்படுவதில்லை. முகத்தின் வடிவம், தலைமுடி தொடங்கும் இடம், புருவமும் கண்ணும் சேர்ந்து விழும் நிழல் ஆகியவையே பெரும்பாலும் போதும். ஆப்ரகாம் லிங்கனின் முகத்தைப் பெரிய சதுரக் கட்டங்களாக மாற்றி, 1973-இல் லியோன் ஹார்மன், பேலா யூலெஸ் ஆகிய இருவரும் ஒன்றைக் காட்டினார்கள்: அருகில் கட்டங்களாகவே தெரியும் படம், கண்ணைச் சுருக்கியோ தள்ளி நின்றோ பார்த்தால் முகமாகிவிடுகிறது, ஏனெனில் நம்மைக் குழப்பிய கட்டங்களின் கூர்மையான விளிம்புகள் அப்போது மழுங்கிவிடுகின்றன. ஆகவே படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போவது பல நேரங்களில் வீண் வேலை. காட்சியை ஓடவிட்டுப் பார்ப்பதும், குறிப்பாகப் பழகிய முகமென்றால், நிறுத்திப் பார்ப்பதைவிட உதவும்.

படத்தைத் தெளிவாக்கும் இன்றைய செயற்கை நுண்ணறிவு மென்பொருள்களோ, கேமரா பதிவுசெய்யாத விவரத்தை மீட்பதில்லை. தாம் பயின்ற முகங்களிலிருந்து பொருத்தமான ஒன்றைப் புனைந்து நிரப்புகின்றன. அத்தகைய மென்பொருள் ஒன்று, 2020-இல் பராக் ஒபாமாவின் மங்கலான படத்தை ஒரு வெள்ளையரின் தெளிவான முகமாக மாற்றித் தந்தது.

பழகியவரும் தவறக்கூடும், அதிலும் இன்னாராக இருக்கலாம் என்று முன்கூட்டியே காதில் விழுந்திருந்தால். எனவே அந்தக் காட்சியைத் தம்பியை அறிந்த வேறு ஒருவருக்கு, பெயர் எதையும் சொல்லாமல், தனியே ஓடவிட்டுக் காட்டுங்கள்.