வேன் போனதும் சரியாகிவிடும் வயிற்றுவலி

கேள்வி: நான்காம் வகுப்புப் படிக்கும் என் மகனுக்குப் பள்ளி நாட்களில் மட்டும் காலையில் தொப்புளைச் சுற்றி வலி. வேன் போனதும் சரியாகிவிடுகிறது. ஸ்கேனில் ஒன்றுமில்லை. ஜூனிலிருந்து அக்டோபருக்குள் 17 நாள் லீவு. நடிக்கிறானா?

பதில்: நடிப்பென்று முடிவுகட்டாதீர்கள். பயமும் பதற்றமும் குடலைப் பிசையும். ஸ்கேனில் தெரியாவிட்டாலும் அவனுக்கு அது நிஜ வலிதான்.

எனக்கு அந்த 17-தான் உறுத்துகிறது. கல்வி உரிமைச் சட்டப்படி ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலை நாட்கள். அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 20 நாள் போனாலே, காரணம் எதுவானாலும், கவனிக்க வேண்டிய அளவு. நீங்கள் பாதி வருடத்திலேயே அதை நெருங்கிவிட்டீர்கள். குழந்தை மருத்துவரிடம் போகும்போது லீவு எடுத்த தேதிகளையும் எழுதிக் கொண்டுபோங்கள். எந்தக் கிழமை, அன்று என்ன பாடம், என்ன பரீட்சை என்பதிலேயே பாதி விடை இருக்கும்.

அப்புறம், பள்ளிக் கழிப்பறையைப் பற்றி அவனிடம் கேளுங்கள். நாற்றம், தாழ்ப்பாள் இல்லாத கதவு, அனுப்பாத டீச்சர் என்று எதற்காகவோ நாள் முழுக்க அடக்கிக்கொள்ளும் பிள்ளைகள் ஏராளம். தண்ணீரும் குடிப்பதில்லை. மலம் இறுகி, காலையில் இட்லி உள்ளே போனதும் குடல் அசையும்போது வலிக்கிறது. நாம் அதைப் பள்ளிக்குப் போகாமலிருக்கச் சாக்கு என்கிறோம். அரைமணி முன்னதாக எழுப்பி, சாப்பிட்டபின் பத்து நிமிடம் கழிப்பறையில் உட்காரவையுங்கள். 'கேட்டால் உடனே அனுப்புங்கள்' என்று பள்ளிக்கு டாக்டரிடம் கடிதம் வாங்குங்கள். மெடிக்கல் சர்டிபிகேட்டைவிட அதுதான் பயன்படும். கேட்டவுடன் சர்டிபிகேட் எழுதித் தரும் பழக்கம் டாக்டர்களான எங்களிடமும் உண்டு. அது உதவி இல்லை.

மலச்சிக்கல் இல்லையென்றால், மருத்துவர் அவனோடு தனியாகப் பேச வேண்டும். வேனில் யாராவது சீண்டுகிறார்களா, போர்டு தெரிகிறதா, யாராவது அடிக்கிறார்களா என்பதெல்லாம் அம்மா அருகில் இருந்தால் வெளியே வராது.

தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, எடை குறைவு, மலத்தில் ரத்தம், விடாத வாந்தி, காய்ச்சல் இருந்தால் விஷயம் வேறு. உடனே காட்டுங்கள்.

இவை இல்லையென்றால், பரிசோதனை நடக்கும்போதும் அவன் பள்ளிக்குப் போகட்டும். வேன் போய்விட்டதா, பத்து மணிக்கானாலும் கொண்டுபோய் விடுங்கள். அதையும் மீறி வீட்டில் இருந்தால், அன்று டிவியும் மொபைலும் கிடையாது.